மருந்தெதிர்ப்பும் நுண்ணுயிர்ச் சமுதாயமும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஆண்டுதோறும் இம்மேடையில் பேச வருகின்றவர் தம் துறையில் நடைபெறும் ஆராய்ச்சியைத் துறைக்கு வெளியே உள்ளாரும் தொடர்ந்து கேட்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்று விதித்துச் சென்றிருக்கிறார். அவ்விதியை மதித்து இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றியது. இன்னும் திட்டமாகச் சொன்னால், அவ்வடங்காமையைத் தரும் மரபணுக்களை, நம் குடலிலும் மண்ணிலும் சாக்கடையிலும் கூடி வாழும் நுண்ணுயிர்ச் சமுதாயங்களுக்குள்ளே, டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக வாசிக்கும் கருவிகளைக் கொண்டும் கணிப்பொறியைக் கொண்டும் தேடுகின்ற வித்தையைப் பற்றியது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்பே நேர்க்காரணமாக மாண்டனர் என்றும், அது ஏதேனும் ஒரு வகையில் சம்பந்தப்பட்ட மரணங்கள் 49 லட்சத்து 50 ஆயிரம் என்றும் லான்செட் இதழில் 2022-இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. ஆகவே இது ஆய்வுக்கூடத்தாரின் அந்தரங்க விவகாரம் அன்று என்பதை நான் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

ஒன்றை உண்மையென்று கொள்வதற்குரிய வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று நம்முடைய அளவை நூலார் மூன்றாகப் பகுத்தனர். நேரிலே கண்டு தெளிவது காண்டல். புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் மொழியைக் கொண்டு அறிவது உரை. நான் பேச வந்த துறையில் எழும் குழப்பங்களிற் பெரும்பாலானவை, கருதலால் பெற்றதைக் காண்டலால் பெற்றதாக எண்ணிவிடுவதாலும், உரை முடிகின்ற இடத்தை உலகமே முடிகின்ற இடமாகக் கொள்வதாலும் விளைவன என்பது என் அபிப்பிராயம். எதிர்ப்புத் தரும் மரபணு ஒன்று ஓரிடத்தில் இருக்கிறது என்று அறிவது இன்று எளிதாகிவிட்டது. அது எந்த உயிரினுள், எந்தத் துணையோடு, எந்த நெருக்கடியின் கீழ் இருக்கிறது என்று அறிவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. ஆபத்தோ, இந்த இரண்டாவதைப் பொறுத்தது.

முதலில் காண்டல். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் ஆய்வுத் தட்டில் பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் கரைந்து கிடந்த வட்டத்தைக் கண்ட நாள் தொட்டு, மருந்தின் வலிமையை அறிவதற்கும் கிருமியின் எதிர்ப்பை அறிவதற்கும் அந்தத் தட்டே கருவியாக இருந்துவருகிறது. மருந்து கலந்த அகார் என்னும் ஊட்டக்கூழில் கிருமி வளர்ந்தால் அது எதிர்ப்புடையது. வளராவிட்டால் மருந்துக்கு அடங்கியது. இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேறில்லை. பெனிசிலினை ஒரு நோயாளியின் உடம்பிலே ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தது 1941-இல்; அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டில் எட்வர்டு ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும், அம்மருந்தைச் சிதைத்துவிடும் நொதி ஒன்று பாக்டீரியாவின் சாற்றில் இருப்பதைக் கண்டு வெளியிட்டுவிட்டனர். மருந்து மனிதனுக்கு எட்டுமுன்னரே அதற்கு மாற்று கிருமியின் கையில் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜப்பானில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இன்றைய கருவிகள் அனைத்தும் தேடுகின்ற பொருளின் முதல் தோற்றம் அங்கேதான் புலப்பட்டது. ஷிகெல்லா என்னும் கிருமியால் வரும் சீதபேதி அந்நாட்டில் மலிந்திருந்த காலம் அது. சல்ஃபா மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிக்கால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா 1950-களின் நடுவிலே தலைகாட்டியது. ஒரு கிருமி நான்கு மருந்துகளுக்கும் எதிராகத் தனித்தனியே நான்கு மாறுதல்களை அடைந்து நிற்பது எளிதில் நிகழக்கூடியதன்று. ஆயினும் அத்தகைய கிருமிகள் பெருகிக்கொண்டே வந்தன. ஒரே நோயாளியின் மலத்தில் மருந்துக்கு அடங்குவதும் அடங்காததுமாகிய இருவகை ஷிகெல்லாவும் காணப்பட்டன. அதைவிட விசித்திரம், அதே நோயாளியின் குடலில் வழக்கமாக வாழ்ந்துவரும் ஈ.கோலை என்னும் சாதுவான பாக்டீரியாவும் அந்த நான்கு மருந்துகளுக்கே அடங்காதிருந்தது. 1959-இல் ஓச்சியாய், அகிபா என்னும் இருவரும் தனித்தனியே, அடங்காத ஈ.கோலையையும் அடங்கும் ஷிகெல்லாவையும் ஒரு குடுவையிலே சேர்த்து வளர்த்து, நான்கு எதிர்ப்புகளும் ஒரே தவணையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவிடுவதைக் காட்டினர். சுதோமு வத்தனாபே 1963-இல் ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கட்டுரையின் வழியாகவே மேலைநாட்டார் இதன் முழு விரிவையும் உணர்ந்தனர். ஜாஷுவா லெடர்பர்க் 1952-இல் பிளாஸ்மிட் என்று பெயரிட்டிருந்த, குரோமோசோமுக்குப் புறம்பான டி.என்.ஏ. வளையங்களே இந்தக் கைமாற்றத்துக்கு வாகனமாயின என்பது தெளிவாயிற்று.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நோய்க்கிருமி குடலுக்குள் சில நாள் தங்கிப் போகும் விருந்தாளி. எதிர்ப்பு என்னும் சொத்தோ அவ்விடத்தின் குடிகளிடம் இருப்பது. குடிகளை அறியாமல் விருந்தாளியை மட்டும் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் குடிகளோ எண்ணிலடங்காதவை. அவற்றிற் பெரும்பகுதி நம் தட்டில் வளர மறுப்பவை. மண்ணையோ ஏரிநீரையோ நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் உயிரணுக்களில் நூற்றில் ஒன்றுதான் அகாரில் முளைக்கிறது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். குடல் பாக்டீரியாக்களைப் பொறுத்தமட்டில் இந்தக் கணக்கு மிகைப்பட்டது. ஆக்ஸிஜனை விலக்கிப் பொறுமையோடு பலவகை ஊட்டங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் அவற்றுள் பல வளர்ந்துவிடுகின்றன. ஆனால் மருத்துவமனைகளில் அன்றாடம் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

வளராதவற்றை வளர்க்காமலே அறிவதற்கு வழி பிறந்தது. ஒரு கைப்பிடி மண்ணிலோ ஒரு கிராம் மலத்திலோ உள்ள எல்லா உயிர்களின் டி.என்.ஏ.வையும் கூட்டாகப் பிரித்தெடுத்து, அதனை ஒரே பெரிய மரபுத்தொகுதிபோல் பாவித்து ஆராய்வதே அவ்வழி; அக்கூட்டுத்தொகுதிக்கு மெட்டாஜீனோம் என்னும் பெயரை ஜோ ஹாண்டல்ஸ்மன் முதலியோர் 1998-இல் வழங்கினர். வரிசை வாசிக்கும் கருவிகள் மலிந்தபின் இம்முறை காட்டுத்தீயெனப் பரவிற்று. 2010-இல் ஐரோப்பியர் 124 பேரின் மலத்தை ஆராய்ந்த ஒரு கூட்டு முயற்சி, 33 லட்சம் நுண்ணுயிர் மரபணுக்களைத் தொகுத்தது. மனிதனின் சொந்த மரபணுக்களைப்போல் அது ஏறத்தாழ 150 மடங்கு.

இங்கே காண்டலைக் கைவிடாத ஒரு சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். வளராத பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, அத்துண்டுகளை வளரும் ஈ.கோலைக்குள் புகுத்தி, அந்த ஈ.கோலையை மருந்துத் தட்டில் பரப்பினால், எந்தத் துண்டைப் பெற்றது பிழைக்கிறதோ அந்தத் துண்டில் எதிர்ப்பு உண்டு என்பது கண்கூடு. ஹார்வர்டில் மோர்ட்டன் சோமர், கௌதம் டான்டஸ், ஜார்ஜ் சர்ச் ஆகிய மூவரும் நலமாயிருந்த இருவரின் குடல் நுண்ணுயிர்களில் இம்முறையைச் செய்து 2009-இல் வெளியிட்ட முடிவு, நான் பன்முறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கின்ற ஒன்று. இவ்வாறு கிடைத்த எதிர்ப்பு மரபணுக்களிற் பெரும்பாலானவை அதுவரை அறியப்படாதவை, அறிந்தவற்றிலிருந்து வெகுதூரம் விலகியவை. ஆனால் அதே இருவரின் குடலிலிருந்து தட்டில் எளிதில் வளர்ந்த சிறுபான்மைக் கிருமிகளில் காணப்பட்ட மரபணுக்களில் ஏறக்குறையப் பாதி, கொடிய நோய்க்கிருமிகளிடம் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அதாவது, பெரும் பண்டாரம் ஒன்று குடலிலே பூட்டிக் கிடக்கிறது. நோய்க்கிருமியோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவது அப்பண்டாரத்தின் வாயிலண்டை உள்ள சில கைகளே.

பண்டாரம் பழமையானது என்பதிலும் ஐயமில்லை. கனடாவில் ஜெரார்டு ரைட்டின் குழுவினர் மண்ணிலிருந்து எடுத்த 480 ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா வகைகளை 21 மருந்துகளுக்கு எதிராக நிறுத்திப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் சராசரியாக ஏழெட்டு மருந்துகளைத் தாங்கியது. 2006-இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பின், 2011-இல் அதே குழுவினர் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் டெட்ராசைக்ளினுக்கும் வான்கோமைசினுக்கும் எதிரான மரபணுக்களைக் கண்டனர். வெனிசுவேலாக் காட்டில் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த யானோமாமி மக்களின் குடலிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன என்று 2015-இல் வெளியாயிற்று. ஐரோப்பாவின் முள்ளெலிகளுடைய தோலில் பெனிசிலின் போன்றதொரு பொருளைச் சுரக்கும் பூஞ்சை வாழ்வதும், அதன் பக்கத்திலே வாழ நேர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா மனிதன் மருந்து காண்பதற்கு நெடுநாள் முன்பே எதிர்ப்பைப் பெற்றுவிட்டதும் 2022-இல் தெரியவந்தது. முள்ளெலி எந்த மருந்துக் கடைக்கும் போனதில்லை. எனவே, எங்கேனும் ஓரிடத்து மண்ணிலோ நீரிலோ எதிர்ப்பு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடும்போது, அச்செய்தி மட்டும் நம்மைக் கலங்கச் செய்யவேண்டியதில்லை. இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தால் அன்றோ செய்தி!

இனி, கருதலுக்கும் உரைக்கும் வருவோம். கருவி வாசித்துத் தருவது கோடிக்கணக்கான சிறு துண்டுகளை. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 150 எழுத்து நீளம். இத்துண்டு இன்ன மரபணுவின் பகுதி என்று எவ்வாறு சொல்கிறோம்? முன்னமே அறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஏடுகளோடு ஒப்பிட்டுத்தான். டென்மார்க்கில் 2012-இல் உருவான ரெஸ்ஃபைண்டர், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் பேணப்படும் கார்டு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கார்டில் ஒரு மரபணு இடம்பெற வேண்டுமானால், அது உண்மையிலேயே எதிர்ப்பைத் தருகிறது என்று சோதனையால் காட்டி எவரேனும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு நிறுவப்பட்டவை உரை. அவ்வுரையோடு நம் துண்டு எத்துணை ஒத்திருக்கிறது என்று கணித்து, ஒத்திருப்பதால் தொழிலும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வது கருதல்.

கருதலில் வழுவும் இடங்கள் பல. ஓர் எல்லை வகுக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்தால் கொள்வது என்று வகுத்தால் புதியவை தப்பிவிடுகின்றன. எண்பது, எழுபது என்று இறக்கினால் அல்லாதவை உள்ளே நுழைகின்றன. கார்பாபெனெம் என்னும் உயர்தர மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வடிவத்தையே உடைய வேறு நொதிகள் அநேகம், மருந்துக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இன்றித் தத்தம் இல்லற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவையும் வலையில் விழும். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்து தாக்குகின்ற ஜைரேஸ் என்னும் நொதியின் மரபணு எல்லாப் பாக்டீரியாவுக்கும் இன்றியமையாதது, ஈ.கோலையில் அந்நொதியின் 83-ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் போய் லியூசின் வந்தமர்ந்தால் எதிர்ப்பு உண்டாகிறது. அந்த ஓர் இடத்தைக் கூர்ந்து பாராமல் ஜைரேஸ் இருக்கிறது என்பதையே எதிர்ப்பாகக் கணக்கெழுதும் மென்பொருளும், அதை நம்பி வெளியான கட்டுரைகளும் உண்டு. டீப்ஏ.ஆர்.ஜி. போல, இயந்திரக் கற்றலால் தூரத்து உறவுகளையும் இனங்காணும் கருவிகள் 2018 முதல் வந்துள்ளன; அவை பயனுள்ளவை. ஆயினும் அவை பயின்றதும் அதே ஏடுகளில்தான். குரு அறியாததைச் சிஷ்யன் ஓரளவு ஊகிக்கலாம்; சாட்சி சொல்ல முடியாது.

இப்போது நான் முதலிலே குறிப்பிட்ட அரிய வினாவுக்கு வருகிறேன்: அந்த மரபணு யாரிடத்தில் இருக்கிறது? துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி முழு வரிசையைக் கட்டினாலன்றி இதற்கு விடையில்லை. பொருத்தும் கணிதம் அழகானது. ஒவ்வொரு துண்டையும் மேலும் நறுக்கி, ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் ஒத்தால் இரண்டையும் கோடிட்டு இணைத்து ஒரு வலைப்பின்னல் வரைந்து, அதிலே ஒவ்வொரு கோட்டையும் ஒரேயொரு முறை கடந்து செல்லும் பாதையைக் காண்பது அதன் சாரம். கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களை ஒருமுறைக்கு மேல் மிதிக்காமல் சுற்றிவர இயலுமா என்று 1736-இல் ஆயிலர் ஆராய்ந்த அதே கணக்கு, டச்சுக் கணித மேதை டி புருய்ன் 1946-இல் விவரித்த வலைப்பின்னலோடு சேர்ந்து, 2001-இல் பெவ்ஸ்னர், டாங், வாட்டர்மன் ஆகியோரின் கையில் டி.என்.ஏ. பொருத்தும் கருவியாயிற்று. பயன் கருதாது செய்த கணிதம் எங்கே போய்ப் பயன் தரும் என்பதை யாரால் முன்னறிந்து சொல்ல முடியும்?

ஆனால் பின்னல் எங்கே சிக்குகிறது என்பதுதான் நம் கவலை. நூறு நூல்களின் ஓலைகள் நறுக்கப்பட்டு ஒரே கூடையில் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கே உரிய அடிகளைக் கொண்டு ஓலைகளை எளிதில் கோத்துவிடலாம். பல நூல்களிலும் மேற்கோளாக வருகின்ற ஒரே செய்யுள் எழுதிய நறுக்கு கைக்கு வந்தால், அதற்கு முன்னும் பின்னும் எந்த ஓலையைச் சேர்ப்பது என்று தெரியாமல் பதிப்பாசிரியர் திகைத்து நிற்பார். எதிர்ப்பு மரபணுக்களின் நிலை அதுவே. இடம்விட்டு இடம் தாவும் இயல்பினவாதலால் அவை ஒரே சமயத்தில் பல பாக்டீரியாக்களிலும் பல பிளாஸ்மிட்களிலும் உள்ளன. அவற்றின் இருபுறமும் தாவுதலுக்குத் துணைசெய்யும் வரிசைகளும் எங்கும் ஒரே மாதிரியானவை. ஆகவே மென்பொருள் வேறெங்கும் செவ்வனே கோத்துக்கொண்டு வந்து, நாம் அறிய விரும்பும் அந்த இடத்திலேயே சரியாக அறுந்துபோகிறது. தாவும் ஆற்றல் மிகுந்த மரபணு எதுவோ, அதாவது ஆபத்து மிகுந்தது எதுவோ, அதன் முகவரியே நமக்குக் கிட்டாமற் போகிறது.

இதற்குப் பரிகாரங்கள் வந்துள்ளன. நானோபோர் போன்ற கருவிகள் பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிப்பதால் மரபணுவும் அதன் அண்டை அயலும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. வேறொரு முறையில், உயிரணுவை உடைக்குமுன்பே ஃபார்மால்டிஹைடினால் உள்ளிருக்கும் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள்; பிளாஸ்மிட்டும் குரோமோசோமும் ஒரே அறையில் இருந்தன என்பதற்கு அப்பிணைப்பே சான்றாகிறது. இரண்டும் செலவு மிக்கவை.

மற்றொரு குறை கணக்கில் உள்ளது. அதைச் சபையிலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு மல மாதிரியிலிருந்து ஒரு கோடித் துண்டுகளை வாசித்தோம் எனக் கொள்வோம். குடல் பாக்டீரியாவில் ஈ.கோலை நூற்றில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்தாலும், அதற்குரிய துண்டுகள் ஒரு லட்சம். 150-ஆல் பெருக்கினால் ஒன்றரைக் கோடி எழுத்து. ஈ.கோலையின் மரபுத்தொகுதி சுமார் 50 லட்சம் எழுத்து. ஆகவே அதை மூன்று முறை வாசித்ததாயிற்று. நான் பின்னர்ச் சொல்லப்போகும் என்.டி.எம்.-1 என்னும் மரபணு 813 எழுத்து, எல்லா ஈ.கோலையிலும் அது இருந்தால் 16 துண்டுகள் கிடைக்கும். நூறு ஈ.கோலையில் ஒன்றில்தான் இருக்கிறது என்றால்? ஆறு மாதிரிகளை வாசித்தால் ஒன்றில் ஒரு துண்டு தென்படலாம். ஆனால் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடிப் பாக்டீரியா, அதில் ஈ.கோலை நூறு கோடி. அதில் எதிர்ப்புள்ளவை ஒரு கோடி! மருந்து கலந்த தட்டில் ஒரு துளி தடவினால் மறுநாள் காலையில் அவை கண்ணெதிரே நிற்கும். பல லட்சம் ரூபாய்க் கருவி காணாததைச் சில ரூபாய்த் தட்டு காண்கிறது. வரிசை வாசித்தல் பரப்பைக் காட்டும். அரியதைக் காட்டத் தட்டுதான் வேண்டும். தட்டுக் கலையை நம் ஆய்வுக்கூடங்கள் பழைமை என்று புறக்கணிக்கத் தொடங்கியிருப்பதை நான் வருத்தத்தோடு கவனித்துவருகிறேன்.

என்.டி.எம்.-1 வரலாறு நம்மோடு நேராகச் சம்பந்தப்பட்டது. புதுதில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய, இந்திய வம்சத்தவரான ஒரு நோயாளியின் சிறுநீரில் 2008-இல் கிடைத்த கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா, கார்பாபெனெம் மருந்துகளுக்கு அடங்காதிருந்தது. அதைச் செய்த மரபணு புதியது. அந்நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலையிலும் அதே மரபணு, வேறு அளவுள்ள ஒரு பிளாஸ்மிட்டில் ஏறியிருந்தது. ஜப்பானியர் கண்ட காட்சியே அரை நூற்றாண்டுக்குப் பின், சீதபேதிக்குப் பதில் சிறுநீர்த் தொற்றாக, மீண்டும் அரங்கேறியது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக வெளியான ஆய்வு, இம்மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று கணக்குக் காட்டிற்று. மரபணுவுக்குத் தலைநகரின் பெயரை (என்.டி. என்பது நியூ டெல்லி) வைத்தது குறித்து எழுந்த ஆரவாரத்தில் ஆய்வின் உட்பொருள் சிறிது காலம் மறைந்தே போயிற்று. மறுவருஷம் வெளியான ஆய்வு ஒன்றில், தில்லித் தெருக்களில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-லும் குழாய்நீர் மாதிரிகள் 50-லும் தேடியபோது, முன்னதில் 51-லும் பின்னதில் 2-லும் அது இருந்தது. உறைந்த மண்ணில் கண்ட பழைய மரபணுவுக்கும் குழாய்நீரில் கண்ட இதற்கும் உள்ள வேற்றுமை இப்போது விளங்கும்: இது தாவும் பிளாஸ்மிட்டில் இருக்கிறது, நோய்க்கிருமியினுள் இருக்கிறது, மனிதன் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் மருந்தெதிர்ப்பைக் குறித்து வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இந்தச் சூழ்நிலையில் பிறந்ததே.

கைவிடப்பட்ட மருந்துகளுள் ஒன்றாயிருந்து, வேறு கதியின்றி மீண்டும் எடுக்கப்பட்டது கொலிஸ்டின். அதற்கு எதிரான எம்.சி.ஆர்.-1 என்னும், பிளாஸ்மிட்டில் பயணம் செய்யும் மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டு 2015 நவம்பரில் வெளியிட்டனர். வெளிவந்த சில வாரங்களுக்குள் டென்மார்க்கில் முன்பு வேறு காரியத்துக்காக வாசித்துச் சேமித்து வைத்திருந்த பாக்டீரியா வரிசைகளைக் கணிப்பொறியில் தேடி, ஒரு நோயாளியிடமிருந்தும் இறக்குமதியான கோழி இறைச்சியிலிருந்தும் எடுத்த கிருமிகளில் அது ஏற்கெனவே இருந்ததைக் கண்டுகொண்டனர். புதிதாக ஒரு மாதிரியும் எடுக்கவில்லை. சேமித்து வைத்த பழைய கிருமிகளைச் சோதித்த சீனர்கள், 1980-களின் கோழிகளிலேயே அது இருந்ததை அறிந்தனர். கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதைச் சீனா 2017-இலும், உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2019-இலும் தடைசெய்தன.

நெருக்கடி என்று நான் சொன்னதற்கு ஹைதராபாதை அடுத்த படான்சேருவைக் காட்டிலும் வலிய உதாரணம் இல்லை. ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தின் நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாகச் சுவீடனின் லார்ஸன் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். மருந்து உண்டவர் இரத்தத்தில் காண்பதைவிட அது அதிகம். அப்பகுதி ஆற்று வண்டலையும் ஏரியையும் பிறகு வரிசை வாசித்தபோது, எதிர்ப்பு மரபணுக்களோடு அவற்றைச் சுமந்து செல்லும் தாவு வரிசைகளும் மிகுந்திருந்தன. பண்டாரத்தில் உள்ளது வெளியேறுவதற்கு வேண்டிய வண்டிகளும் அங்கேயே திரண்டு நின்றன.

சாக்கடையை வாசிப்பது இப்போது உலக முயற்சியாகிவிட்டது. ஒரு நகரத்தின் கழிவுநீர் பெயர் கேளாமல் எல்லோருடைய குடலையும் சேர்த்துக் காட்டுவது. டென்மார்க்கைத் தலைமையாகக் கொண்டு 60 நாடுகளில் 79 இடங்களின் சாக்கடையை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரையும், அதை 101 நாடுகளில் 243 நகரங்களுக்கு விரித்து 2022-இல் வெளிவந்த கட்டுரையும் இத்துறையின் பெருநூல்கள். முதற் கட்டுரையின் ஒரு முடிவு எதிர்பாராதது: எதிர்ப்பு மரபணுக்களின் மிகுதிக்கும் அந்நாட்டார் உட்கொள்ளும் மருந்தின் அளவுக்கும் உள்ள தொடர்பு சிறிதே, சுகாதாரம், பொருளாதாரம், சுற்றுப்புறம் ஆகியவற்றோடு உள்ள தொடர்போ பெரிது. மருந்தைக் கண்டபடி உண்பதுதான் ஒரே குற்றம் என்று நாம் நோயாளியை நோக்கி விரல் நீட்டிவந்தோம். மலமும் குடிநீரும் கலக்கும் ஊரில் மரபணுக்களுக்குப் புதிய கூட்டாளிகள் ஓயாமல் கிடைத்துக்கொண்டிருக்கும்போது, மருந்துச் சீட்டைக் கட்டுப்படுத்துவதோடு நின்றுவிடுவது பாதி வேலையே. பொதுச் சுகாதாரப் பொறியாளர்கள் இந்த அவையில் அதிகம் இல்லாதது ஒரு குறைதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம் சொல்லி அமைகிறேன். நீங்கள் ஒரு மாதிரியை ஆராய்ந்து இன்ன இன்ன எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளன என்று பட்டியலிட்டால், அப்பட்டியல் அந்த நாளில் ஏட்டில் இருந்த உரையின் அளவுக்கே உண்மையாகும்; ஏடோ நம் நாட்டு மண்ணையும் குளத்தையும் விட மேலைநாட்டு மருத்துவமனைகளின் கிருமிகளையே மிகுதியாக அறிந்தது. இன்று எதனோடும் ஒவ்வாமல் நீங்கள் ஒதுக்கிவிடுகின்ற துண்டுகளுக்குள் பத்தாண்டு கழித்துப் பெயர் பெறப்போகும் மரபணு இருக்கக்கூடும். டென்மார்க்கில் சில வாரங்களில் விடை கிடைத்ததற்குக் காரணம் அவர்கள் பட்டியலை வைத்திருந்ததன்று. வாசித்த வரிசைகளை அப்படியே வைத்திருந்தார்கள். ஆகையால் மூல வாசிப்புகள் முழுவதையும், எடுத்த இடம், நாள், நீரா மலமா மண்ணா என்னும் குறிப்புகளோடு, பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். ஃபரீதாபாதில் 2022-இல் தொடங்கப்பெற்ற இந்திய உயிரியல் தரவு மையம் இதற்கென்றே இருக்கிறது. டி.என்.ஏ. எடுத்தது போக எஞ்சிய மாதிரியில் ஒரு பங்கைக் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 பாகை செல்சியஸில் உயிரோடு உறையவைத்து, குப்பியின் மேல் அழியாத மையினால் எழுதி வையுங்கள். கணிப்பொறி பின்னாளில் ஒன்றைக் கருதிச் சொல்லும்போது, அதைத் தட்டில் இட்டுக் காண்பதற்கு அந்தக் குப்பி வேண்டியிருக்கும்.